ஆராய்ச்சி செய், சாப்பாடு உன் பாடு!

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று கேட்டால் பாண்டிங், பெஸ்ட் என்று உடனே சொல்லி விடுவீர்கள். அந்தப் பெஸ்டுக்கு அப்போது என்ன வயது தெரியுமா? 22 தான்! கனடாவில் டொராண்டோ பல்கலைக் கழகத்தில் பட்டப் படிப்பின் கடைசித் தேர்வை அப்போதுதான் முடித்திருந்தார். 1921 மே மாதம் பாண்டிங்கின் ஆய்வு தொடங்கியது. அவருக்கு உதவியாளராகப் பெஸ்டும், வகுப்புத் தோழர் நோபிளும் முறை வைத்துப் போவதாக ஏற்பாடு. முதலில் யார் என்று காசு சுண்டிப் பார்த்தார்களாம். பெஸ்டுக்கு விழுந்தது. 1922 ஜனவரியில், சாகும் தறுவாயில் இருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன், காலிப் என்ற விஞ்ஞானி தூய்மைப்படுத்திய கணையச் சாற்றால் பிழைத்தான்.

காசு சுண்டிய கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வேலை தொடங்கியபோது பெஸ்டுக்குச் சம்பளம் கிடையாது. அவருடைய தந்தை ஒரு டாக்டர். கூலித் தொழிலாளியின் மகனாக இருந்திருந்தால், காசு எப்படி விழுந்தாலும் அவரால் போயிருக்க முடியுமா?

அமெரிக்காவில் ஜே மக்லீன் என்ற மாணவர், தங்கச் சுரங்கத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் வேலை செய்து பணம் சேர்த்து, பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தச் சேமிப்பில் வாழ்ந்துகொண்டே ஆய்வும் செய்தார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளை 1916-இல் ஈரலிலிருந்து பிரித்தார். அதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சிதான் ஹெப்பாரின் என்னும் மருந்தைத் தந்தது. இன்று இருதய அறுவைக்கும் சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸுக்கும் அது வேண்டும். மக்லீனின் மன உறுதியைப் பாராட்டலாம். ஆனால் சுரங்கத்தில் இறங்க வலுவுள்ளவன்தான் ஆராய்ச்சி செய்யலாம் என்பது என்ன நியாயம்?

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் ஒரு நல்ல காரியம் செய்தது. மருத்துவ மாணவர்கள் இரண்டு மாதம் ஆய்வு செய்ய உதவித்தொகை தரும் திட்டத்தைத் தொடங்கியது. மெச்ச வேண்டியதுதான். ஆனால் ஆய்வை முடித்து, அறிக்கை எழுதி, அது ஏற்கப்பட்ட பின்பே பணம் தருவது அதன் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. விடுதிக்காரர் அதுவரை காத்திருப்பாரா? வீட்டிலிருந்து பணம் வருகிற மாணவன் சமாளித்து விடுவான். மற்றவன் விண்ணப்பமே போட மாட்டான். அவன் பெயர் எந்தக் கணக்கிலும் வராது.

“படிக்கிற பையனுக்கு எதற்குப் பணம்? ஆர்வம் இருந்தால் போதாதா?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. ஆர்வம் இருக்கிறது ஐயா, பஸ்ஸுக்குச் சில்லறைதான் இல்லை! பயிற்சி பெறுபவர்களில் பலர் விஞ்ஞானி ஆகாமல் போகலாம். போகட்டுமே. ஒரு முறையாவது சோதனை செய்து தோற்றுப் பார்த்த டாக்டர், புது மருந்து பற்றிய விளம்பரத்தை அப்படியே நம்பிவிட மாட்டார். அதற்கே அந்தப் பணம் தகும். அதில் பாதியையாவது மாணவன் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் நாளிலேயே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

நீங்கள் கல்லூரிக்குப் போனதும் இத்தகைய திட்டங்களைப் பற்றி ஆசிரியரிடம் விசாரியுங்கள். எவ்வளவு பணம் என்று கேட்பதோடு, எந்தத் தேதியில் கையில் கிடைக்கும் என்றும் கேளுங்கள்.