நெய்தவர் பெயரும் நெய்த கூலியும்

ஒரு சேலையோடு தொங்கும் சிறிய அட்டையில் விலையும் அளவும் மட்டுமின்றி, அதைத் தறியில் அமர்ந்து நெய்தவரின் பெயரும், முகமும், நெய்து முடிக்க அவருக்கு ஆன நாட்களும் அச்சிடப்பட்டிருக்குமாயின், வாங்குகிறவர் தாம் கொடுக்கும் பணம் எத்தனை நாள் உழைப்புக்கு ஈடாகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க ஏதுவாகிறது. பொள்ளாச்சியில் மணி சின்னசாமியும் விஜயலட்சுமி நாச்சியாரும் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எத்திகஸ்’ என்னும் சிறு ஆடை நிறுவனம் செய்துவரும் காரியங்களுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது இந்த அட்டைதான்.

பருத்தி அரவைத் தொழிலில் ஊறிய குடும்பம் அவர்களுடையது. நாகரகொளெ, பந்திப்பூர் வனங்களுக்கு அருகே, கபினி நீர்த்தேக்கத்தைச் சார்ந்த ஹெக்கடதேவன்கோட்டை வட்டத்துச் சிறு விவசாயிகளைக் கொண்டு, ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இன்றி நீண்ட இழைப் பருத்தியை விளைவிக்கச் செய்து, அதையே தங்கள் துணிக்கு மூலப்பொருளாக அவர்கள் ஏற்றார்கள். யானைக் கூட்டங்கள் நடமாடும் காட்டோரத்து நிலத்தில் தெளிக்கும் விஷம் மழையோடு இறங்கி எங்கே போய்ச் சேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், அங்கே இயற்கை முறைப் பருத்தி எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். ஆயினும் ரசாயனத்தைக் கைவிட்ட முதற் சில ஆண்டுகளில் விளைச்சல் குறைவது இயல்பு; அந்த நஷ்டத்தில் பங்கேற்க யாரும் முன்வராவிடில் எந்தக் குடியானவனும் இத்தகைய விரதத்தை மேற்கொள்ள மாட்டான். ஆகவே, இயற்கைப் பருத்தி என்ற பெயரைக் காட்டிலும், பருத்தியை யார், என்ன விலைக்கு எடுத்துக்கொள்வதாக முன்கூட்டியே வாக்களித்தார் என்பதே முக்கியமானது.

தறியின் விஷயம் இன்னும் நுட்பமானது. நெசவு என்றவுடன் நாடா இடமும் வலமும் ஓடுவதைத்தான் நாம் நினைக்கிறோம். அந்த நாடா ஓடுவதற்கு முன்பாக, நூலைக் கஞ்சி தோய்த்துப் பாவாக நீட்டி, அறுந்த இழைகளைத் தேடி ஒட்டி, விழுதிலும் அச்சிலும் ஒவ்வோர் இழையாகக் கோத்து, பழைய பாவின் மிச்ச இழையோடு புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்து, ஊடைக்கு வேண்டிய தார்களை ராட்டையில் சுற்றி வைக்கும் வேலை இருக்கிறதே, அதன் பிரயாசை துணியில் எங்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டுத் தறிகளில் இவ்வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் பெண்களும் முதியவர்களும். சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலியில் அவர்களுக்கென்று தனியாக ஒரு காசு எழுதப்படுவதில்லை. நெய்தவர் ஒருவரின் பெயரைப் போடும் அட்டை எனக்கு மகிழ்ச்சி தருகிறது. தார் சுற்றிய கைகளின் பெயரும் அதில் ஏறும் நாள் வரவேண்டும் என்பதே என் ஆசை.

‘இத்தகைய துணியை இவ்வளவு விலை கொடுத்து ஏழை எப்படி வாங்குவான்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்; இத்தகைய சிறு நிறுவனங்கள் நாட்டு மக்கள் அனைவருக்கும் உடை கொடுத்துவிட முடியாது. ஆனால் மலிவான துணியின் விலையை யாரோ ஒருவர் வேறோர் இடத்தில் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கி, அந்நீர் வயலுக்கு உதவாமற்போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நாம் கண்ணாரக் கண்ட சரித்திரம். 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். மேல்நாட்டுக் கடைகளுக்காக அவர்கள் தைத்த ஆடைகளில் தைத்தவர் பெயர் ஒன்றுகூட இருந்ததில்லை. உழைத்தவரை மறைத்து வைப்பதனால்தான் விலையை அவ்வளவு தாழ்த்த முடிகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெயர் பொறிப்பதில் இன்னொரு காப்பும் உண்டு. குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னும், விசைத்தறியில் ஓட்டிய துணி கைத்தறி என்னும் பெயரில் தாராளமாக விற்பனையாகிறது. சாதாரண வாங்குபவரின் கண்ணுக்கு இரண்டுக்கும் பேதம் புலப்படுவதில்லை. நெசவாளரின் பெயரும் ஊரும் சொல்லப்பட்ட துணியை விசாரித்துச் சரிபார்க்க இயலும். 1935இல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் தன் பட்டுச்சேலைகளில் நெய்தவரின் படத்தைச் சேர்த்ததுண்டு. ஆகையால் இது செல்வந்தர் கடைகளுக்கு மட்டும் உரிய அலங்காரமன்று. கூட்டுறவுச் சங்கங்களின் சாதாரணப் பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் இது சாத்தியமே.

எனினும் பெயரோடும் படத்தோடும் திருப்தி அடைவது போதாது. முகத்தைக் காட்டிக் கூலியை மறைத்தால், நெசவாளர் விற்பனைக்கு உதவும் சித்திரமாகிவிடுவார். விற்கும் விலையில் நெய்தவர் வீட்டுக்குச் சென்றது எவ்வளவு, பருத்தி விளைத்தவருக்குக் கிடைத்தது எவ்வளவு என்ற இரண்டு வரிகளை அந்த அட்டையில் சேர்க்கும் துணிவு எந்த நிறுவனத்துக்கு உண்டோ, அறநெறி என்ற சொல்லுக்கு அதுவே முழு உரிமை பெறும். இவ்வகையில் முதலடி எடுத்து வைக்கும் தகுதி, லாபம் ஒன்றையே குறிக்கோளாகக் கொள்ளாத நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இருக்கிறது. அரசு அவற்றுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரையில், கைத்தறி ஆடை வாங்கும் வாசகர்கள் கடையில் பணம் செலுத்துமுன், நெய்தவருக்கு இதில் எவ்வளவு கூலி என்று கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.