நெஞ்சுப் படத்தில் ஒரு புள்ளி

வேறு காரியமாக ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்ட தொழிலாளியிடம், "நுரையீரலில் சிறு முடிச்சு ஒன்று தெரிகிறது, ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்கு வாருங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். அவர் லயத்துக்குத் திரும்புமுன் புற்றுநோய் என்ற பேச்சு முந்திக்கொள்ளும். இல்லையேல், "ஆறு மாதம் பொறு என்கிறார்களே, அப்படியானால் ஒன்றுமில்லை" என்று சீட்டு பெட்டிக்கு அடியில் போய்விடும். இவற்றில் இரண்டாவதுதான் நமக்குப் பெரிய கவலை.

முடிச்சு என்பது 3 சென்டிமீட்டர் வரையுள்ள உருண்டை நிழல். பெரியதென்றால் ஒரு ரப்பர்க் கொட்டை அளவு இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. காசநோய் வந்து ஆறிய வடுவும் இப்படியே தெரியும். 2022ல் மட்டும் நம் நாட்டில் 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டார்கள் என்றால், கெடாவில் எத்தனை நெஞ்சில் பழைய வடு இருக்கும்!

வடுவா, வேறா என்பதை எப்படி அறிவது? 2017ல் திருத்தி வெளியிட்ட பிளைஷ்னர் சங்கத்தின் வழிமுறைகளை உலகெங்கும் டாக்டர்கள் கைக்கொள்கிறார்கள். கெட்டியான ஒற்றை முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக, ஆளும் புகைக்காதவராக இருந்தால், பொதுவாக மறு ஸ்கேனே வேண்டியதில்லை. 6 முதல் 8 வரை என்றால் 6 முதல் 12 மாதத்தில் மறு ஸ்கேன். 8க்கு மேலென்றால் மூன்று மாதத்திலேயே ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது ஊசியால் சதை எடுத்துச் சோதனை. மங்கலான, கண்ணாடிப் புகை போன்ற முடிச்சு மெதுவாக வளரும். அதை ஐந்து ஆண்டு வரைகூடக் கண்காணிப்பார்கள். புகைபிடித்தவர், வயதானவர், குடும்பத்தில் இந்நோய் கண்டவர் ஆகியோரிடம் டாக்டர்கள் கூடுதல் கவனம் காட்டுவார்கள். புகைக்காத பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு என்பதை நம் சகோதரிகள் மறக்கக்கூடாது.

பொறுத்திருந்து பார்ப்பது ஏன்? 8 மில்லிமீட்டர் முடிச்சு 10 ஆனால் அதன் பருமன் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது என்று பொருள். பட்டை எவ்வளவு தேய்ந்தது என்று மரத்தில் அளந்து பார்க்கிறோமே, அதே கணக்குத்தான். முதல் குறி இல்லாமல் இரண்டாவது குறிக்கு அர்த்தமில்லை. ஆகவே பழைய நெஞ்சுப் படம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்திய படத்திலும் அதே அளவில் இருந்த கெட்டி முடிச்சைப் பற்றி டாக்டருக்கு அநேகமாகக் கவலை இராது.

காலத்தில் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 53,000க்கும் அதிகமான, நெடுங்காலம் புகைத்த மக்களிடம் நடந்த பெரும் ஆய்வின் முடிவு 2011ல் வெளிவந்தது. குறைந்த கதிர் ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 விழுக்காடு குறைந்தது. சந்தேகம் என்று குறிக்கப்பட்ட ஸ்கேன்களில் நூற்றுக்கு 96 புற்றுநோய் அல்ல என்பதும் அதே ஆய்வின் முடிவே. நம் நாட்டிலோ இந்நோய் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் டாக்டரிடம் வந்து சேருகிறார்கள். வேலைக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு நெஞ்சுப் படம் கட்டாயம். இங்கேயே பிறந்து முப்பது வருஷம் பால் வெட்டியவருக்கு அப்படியொரு கட்டாயமில்லை. விந்தைதான்!

சுங்கைப் பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ ஸ்கேனுக்குப் போனால் அன்றைய வெட்டு போயிற்று, பஸ் செலவு வேறு. சீட்டு பெட்டிக்கு அடியில் போவதன் காரணம் அறியாமை மட்டுமல்ல. 1955ம் ஆண்டு வேலைச் சட்டம் சேவைக் காலத்துக்கேற்ப வருஷத்துக்கு 14, 18, 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்புத் தருகிறது. ஆனால் வெறும் நேரச் சீட்டு கொண்டு வந்தால் அது விடுப்பாகாது. டாக்டர் குறித்த ஸ்கேன் நாளை, எம்.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், சம்பள நாளாகவே நிர்வாகங்கள் கணக்கிட வேண்டும் என்பது நமது கோரிக்கை. அதுவரை கிளைச் செயலாளர்களும் செக்ரோல் எழுதும் கிராணிமாரும் ஒன்று செய்யலாம். ஸ்கேன் தேதி பெற்றவர் சம்மதித்தால், அவர் பெயரையும் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, முதல் வாரமே பெரட்டில் தனியாக அழைத்து நினைவூட்டுங்கள்.