மருந்தின் மூலத்தைக் கேட்போம்

நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கின்றான். ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்த நிவாரணத்தைத் தேடும் முயற்சிகளுள் ஒன்றுதான், இழந்த உறுப்பின் திசுவை அச்சு இயந்திரத்தால் வார்த்தெடுக்கும் புதுக்கலை.

இக்கலைக்கு மையாக அமைவது ‘ஹைட்ரோஜெல்’ எனப்படும் நீர்க்கூழ். அதில் பெரும்பகுதி தண்ணீரே. தண்ணீரைத் தாங்கி நிற்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்வலை. உயிரணுக்களை இக்கூழில் கலந்து, அடுக்கடுக்காக அச்சிட்டு, ஒளியாலோ சுண்ணாம்புச் சத்தாலோ உறையச் செய்கின்றனர். காது வளர்ச்சி குன்றிப் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய குருத்தெலும்பு அணுக்களைக் கொண்டே அச்சிட்ட காது பொருத்தப்பட்டதாக 2022-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. இருதயமும் சிறுநீரகமும் இன்னும் கைகூடவில்லை. இரத்தக் குழாயற்ற தடித்த திசுவினுள் அணுக்கள் பிராணவாயுவின்றி மடிந்துவிடுவது பெருந்தடையாக உள்ளது.

இங்கே முஸ்லிம்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டைக் கொண்டும் நீர்க்கூழ் செய்யலாம். ஆயினும் அதில் உயிரணுக்கள் எளிதில் பற்றிக்கொள்வதில்லை. ஜெலட்டினில் அவை நன்கு பற்றி வளர்கின்றன. மாடு, மீன் ஆகியவற்றிலிருந்தும் ஜெலட்டின் எடுக்கப்படுகிறது. எனினும் ஆய்வுக்கூடங்களில் பன்றித் தோலிலிருந்து எடுத்தது பரவலாகக் கையாளப்படுகிறது.

அசுத்தமான பொருள் வேறொன்றாக மாறிவிட்டால் சுத்தமாகிவிடுமா? இதனை ‘இஸ்திஹாலா’ என்பர். உப்பளத்தில் வீழ்ந்து உப்பாகவே மாறிய பிராணியை உதாரணமாகக் காட்டி, ஆகும் என்பர் ஹனஃபி அறிஞர்கள். மது தானாகவே காடியாவது போன்ற சிலவற்றைத் தவிர, ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபு; பதனிட்டால் தோல் சுத்தமாகும் என்னும் சட்டத்திலும் அது பன்றியை விலக்கியே வைத்துள்ளது. 1986-இல் அம்மானில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி, உணவில் பன்றி ஜெலட்டினை அனுமதிக்கவில்லை. 1995-இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கோ, மாற்றமடைந்த ஜெலட்டின் சுத்தமானதே என்றது.

நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது ஷரீஅத்தின் பொதுவிதி. ஆனால் வேறு வழியில்லாதபோதுதானே அது நிர்ப்பந்தம்? மீன் ஜெலட்டினிலிருந்தும் ஒளியில் உறையும் கூழைச் செய்யலாம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. குளிர்நீர் மீனின் ஜெலட்டின் சாதாரண வெப்பத்தில் தானே உறையாது. அக்குறையை ஒளி ஈடுசெய்கிறது. இத்தகைய மாற்றினை வளர்க்காமல் விட்டுவிட்டு, நாளை நிர்ப்பந்தம் எனக் கூறுவது முறையாகுமா?

ஆகவே கேட்க வேண்டிய காலம் இதுவே. நோயாளி அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் வேளையில் ஃபத்வா தேடி ஓடுவதில் பயனில்லை. விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள், கூழின் மூலப்பொருள் எதுவென்று வெளிப்படையாகக் குறிப்பிடுமாறு கோர வேண்டும். ஹலாலான மாற்றினை ஆராய முன்வரவும் வேண்டும். உலமாப் பெருமக்களோ, பெயரைக் கேட்டதும் ஹராம் என்றோ, மாறிவிட்டது என்றதும் ஹலால் என்றோ முடித்துவிடாது, செய்முறை அறிந்தோருடன் அமர்ந்து ஆராய்ந்து தீர்ப்பளிக்க வேண்டும்.

உடலுக்கு ஷிஃபாவையும் உள்ளத்திற்குத் தெளிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.