மேகம் இறங்கினால் கேமராவை மூடாதீர்கள்

நீலகிரியில் எடுத்த பாட்டுகளில் உலகம் முழுக்கச் சுற்றி வந்தது எது என்று கேட்டால், எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட ‘தைய தையா’ என்று சொல்லும். 1998-ல் வந்த ‘உயிரே’ படத்துக்காக மணிரத்னம் எடுத்தது. கேமரா சந்தோஷ் சிவன், நடனம் ஃபரா கான். ஷாருக் கானும் மலைக்கா அரோராவும் ஓடுகிற மலை ரயிலின் கூரைமேல் நிஜமாகவே ஆடினார்கள் என்பதை டாக்ஸிக்காரர்கள் ஊட்டிக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது கேமரா நிற்கும் இடம். முக்கியமான ஷாட்டுகளில் அதுவும் ரயிலோடு ஏறிப் போகிறது. ஆடுகிறவர்கள் ஃபிரேமுக்குள் அப்படியே இருக்க, பின்னால் மலை ஓடுகிறது. தாளத்துக்கு நகர்வதே மலைதான். பாட்டில் அதற்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் இங்கே எடுத்த பாட்டு வீடியோக்களில் மலைக்கு அந்த மாதிரி வேலை கிடைத்ததாகத் தெரியவில்லை. ட்ரோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து மெல்ல எழும்பும். பாடுகிறவர் கையை விரித்துச் சுற்றுவார். அடுத்து பைன் மரம், அடுத்து எமரால்டு அணை, மறுபடி தேயிலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இப்படி எடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, அவர்களுக்கு இரண்டு நாள்தான் ரூம். எங்கள் பிள்ளைகளும் பிறந்த ஊரை இரண்டு நாள் ரூம் போட்டவர்கள் மாதிரியே எடுக்கிறார்களே, அதைத்தான் பேச வந்தேன்.

எனக்கு வீடு பிக்கட்டியில், ஸ்டுடியோ மஞ்சூர் கடைத்தெருவில். கல்யாணம், ஹெத்தை அம்மன் பண்டிகை, படகர் பாட்டு ஆல்பம், இவைதான் பிழைப்பு. கேமராவும் பிடிப்பேன் என்றாலும் பெரும்பாலும் எடிட்டிங். சமீப காலமாக ராக் பேண்டுகளும் வருகின்றன. ஊட்டி, குன்னூர் கல்லூரிகளில் படித்துவிட்டு வந்த பையன்கள், பொண்ணுங்கள். கையில் நல்ல கேமரா, கிம்பல், எல்லாம் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, “அக்கா, சும்மா கட் பண்ணி பீட்டுக்கு ஒட்டிடுங்க” என்பார்கள்.

அப்படி வந்த ஒரு பேண்டின் பாட்டு, கோவைக்கு வேலைக்குப் போய்விட்ட அண்ணனைப் பற்றியது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, இருக்கிற கொஞ்சம் தோட்டத்தை வைத்து இரண்டு பேர் பிழைக்க முடியாது, ஒருத்தர் கீழே இறங்க வேண்டும். இந்தப் பக்கத்தில் பாதி வீட்டுக் கதை. பாட்டு நன்றாகவே இருந்தது. வீடியோவுக்கு அவர்கள் எடுத்து வந்ததோ வெயில் நாளில் பறந்த ட்ரோன். பச்சைப் பசேலென்று தோட்டம், அதன் நடுவே நான்கு பேர் கிட்டார் வாசிக்கிறார்கள். இவ்வளவு செழிப்பான இடத்தை விட்டு அண்ணன் ஏன் போனான் என்று பார்க்கிறவனுக்குத் தோன்றாதா? வார்த்தை ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்கிறது. ‘வேறு ஏதாவது எடுத்தீர்களா?’ என்றேன். “ரெண்டாவது நாள் மேகம் இறங்கிடுச்சுக்கா, ஒண்ணுமே தெரியல, பேக் பண்ணிட்டோம்.”

கோல்ட்ப்ளே பேண்டின் ‘யெல்லோ’ வீடியோவை அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். 2000-ல் இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையில் எடுத்தது. முழு பேண்டும் வருவதாகத்தான் திட்டம். அன்றைக்கு ட்ரம்மருடைய அம்மாவின் இறுதிச் சடங்கு. வானிலையும் கெட்டுவிட்டது. கடைசியில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் மட்டும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, நனைந்த தலையோடு கேமராவைப் பார்த்து நடந்து வருகிறார். வீடியோ அவ்வளவுதான். ஒரே ஷாட், ஒரு கட்கூட இல்லை. ஆனால் அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு அவர் வாயசைத்திருக்கிறார். கேமரா நொடிக்கு 50 ஃபிரேம். அதை 25-க்கு இறக்கி ஓட்டினால் உதடு பாட்டோடு கச்சிதமாகப் பொருந்தும், நடையும் அலையும் தலைமுடியும் மட்டும் பாதி வேகத்துக்கு வந்துவிடும். பார்க்கிறவருக்கு என்ன நடக்கிறதென்று பிடிபடாது, ஆனால் அந்த ஆள் ஏதோ கனவுக்குள் நடப்பது போலத் தெரியும். ஆரம்பத்தில் இருட்டாக இருக்கும் வானமும் பாட்டு முடிவதற்குள் வெளுத்துவிடுகிறது. மழையைப் பார்த்து அவர்கள் பேக் பண்ணிக்கொண்டு போயிருந்தால் அந்த வீடியோ இல்லை.

மேகம் இறங்கினால் ஒன்றும் தெரியாது என்பது பாதிதான் உண்மை. வெளிச்சத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து லைட் அடித்தால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நிற்கும். ராத்திரியில் கெத்தை ரோட்டில் ஹைபீம் போட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதே லைட்டை ஆளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக் கேமராவைப் பார்க்கத் திருப்புங்கள். மேகம் முழுக்க ஒளி ஏறி, ஆளின் ஓரம் மட்டும் கோடு போட்டது போல் நிற்கும். ஆட்டோ போகஸ் தடுமாறும், கையால்தான் போகஸ் பிடிக்க வேண்டும். வெள்ளை உடுப்புக்கு எக்ஸ்போஷரையும் கையால்தான் பார்த்து வைக்க வேண்டும். ஹெத்தை பண்டிகையில் பெரியவர்கள் எல்லோரும் வெள்ளையில் வர, அதே நேரம் மேகமும் இறங்கினால் எங்களுக்கு நெற்றி வேர்த்துவிடும். இதெல்லாம் தொல்லைதான். ஆனால் சென்னை ஸ்டுடியோவில் இதே வெளிச்சத்துக்காக ஸ்மோக் மெஷினை வாடகைக்கு எடுக்கிறார்கள். நிர்வாணா பேண்டின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ வீடியோவை 1991-ல் சாமுவேல் பேயர் எடுத்தபோது பள்ளி ஜிம்னாசியம் மாதிரி செட் போட்டுப் புகையை நிரப்பினார். பழுப்பும் மஞ்சளுமாக அந்தப் புகைக்குள் வருகிற வெளிச்சம்தான் பாதி வீடியோ. அதை எடுத்துவிட்டால் அழுக்குச் சட்டை போட்ட மூன்று பையன்கள் மிச்சம். எங்களுக்கு அந்தப் புகை வாசலிலேயே வந்து நிற்கிறது, வாடகையும் கிடையாது.

வெளிச்சத்தின் திசையை மட்டும் வைத்து ஒரு முகத்தை மறக்க முடியாமல் ஆக்கிவிடலாம் என்பதற்குப் பழைய உதாரணம் குவீன் பேண்டின் ‘பொஹீமியன் ராப்சடி’. 1975-ல் புரூஸ் கவர்ஸ் சில மணி நேரத்தில் எடுத்து முடித்தது. இருட்டில் நான்கு முகங்கள், மேலிருந்து விழும் லைட். கண் குழி கறுத்து, கன்னத்து எலும்பு மட்டும் எழும்பி நிற்கும். நடுவில் ஒரே முகம் அடுக்கடுக்காகப் பின்னால் ஓடும் இடம் வருகிறதே, அது மானிட்டரைப் பார்த்தே கேமராவைத் திருப்பி வைத்துச் செய்த வேலை. அதில் பாடிய ஃப்ரெடி மெர்குரி நம்ம நாட்டு மலை ஊர் ஒன்றில், பஞ்ச்கனியில், போர்டிங் ஸ்கூலில் படித்தவர். அங்கேதான் முதல் பேண்டும் தொடங்கினார். ஊட்டி போர்டிங் ஸ்கூல் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த அண்ணன் பாட்டுப் பையன்கள் மறுபடி எடுத்தார்கள். அவர்கள் பிராக்டிஸ் பண்ணுவது ஒரு பழைய உருளைக்கிழங்கு குடோனில். சாயங்காலம் மேகம் இறங்கியதும் ட்ரம்ஸை வெளியே வாசலில் போட்டு, ஒரு பிக்கப் வண்டியை ட்ரம்மருக்குப் பின்னால் நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டார்கள். ஆம்ப்ளிஃபயருக்கு மேல் உரச் சாக்கின் பிளாஸ்டிக். ட்ரம் தோல் ஈரத்தில் தொங்கிப் போகிறது என்று ட்ரம்மர் புலம்பிக்கொண்டே இருந்தார். சத்தத்தை ஏற்கெனவே ரெக்கார்ட் பண்ணியாகிவிட்டது, தோல் எப்படித் தொங்கினால் என்ன? கொஞ்ச நேரத்தில் சிம்பல் மேல் பொடிப்பொடியாக நீர் கோத்துவிட்டது. குச்சி விழுந்ததும் அந்தத் தகடு அதிர்ந்து நீரெல்லாம் மேலே எழும்ப, பின்னாலிருந்த ஹெட்லைட் அதைப் பிடித்துக்கொண்டது. நொடிக்கு 100 ஃபிரேமில் எடுத்திருந்தார்கள். எந்தப் பொட்டல் காட்டிலும் எந்த செட்டிலும் அந்த ஷாட் அப்படியே கிடைக்காது. மலை என்ற சொல்லே இல்லாமல் மலை அதற்குள் இருந்தது.

டைம்லைனில் உட்கார்ந்ததும் அடுத்த சண்டை. பாட்டு நிமிடத்துக்கு 120 பீட். ஒரு பீட்டுக்கு அரை நொடி. நான்கு நிமிடப் பாட்டில் 480 பீட். ஒவ்வொரு பீட்டுக்கும் வெட்டினால் 480 ஷாட். ஒரு பீட் விட்டு ஒரு பீட் ஸ்னேர் ட்ரம் விழும் இடத்தில் மட்டும் வெட்டினால்கூட 240. நம் சாப்ட்வேர்கள் பீட்டைத் தானே கண்டுபிடித்துக் குறி போட்டுக் கொடுத்துவிடுகின்றன, பையன்கள் குறி போட்ட இடமெல்லாம் வெட்டுகிறார்கள். முதல் அரை நிமிடம் ஜோராக இருக்கும். அதற்குமேல் கண், காது சொன்னதையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிடும். ட்ரம் ஏற்கெனவே அடித்துச் சொன்னதை எடிட்டர் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்? வெட்டியே ஆக வேண்டிய இடத்திலும் படம் பீட்டுக்கு ஒரு ஃபிரேம் முந்தி வந்தால்தான் எனக்குச் சரியாகப் படும். பாடுகிறவரின் பார்வை திரும்பும்போது, விரல் தந்தியை விட்டு எழும்பும்போது வெட்டலாம். தேயிலை வெட்டும் கத்தரிச் சத்தம் ஒன்று பாட்டின் நடுவே வைத்திருந்தார்கள். கத்தரியின் இரண்டு அலகும் சேரும் இடத்தில் ஒரு கட் வைத்தேன், ஒரே ஒரு தடவை. திரும்ப வைத்திருந்தால் வித்தை ஆகியிருக்கும்.

கிட்டார் சோலோ வரும் இடத்தில்தான் பெரிய தகராறு. விடிகாலை முதல் பஸ்ஸில் அண்ணன் ஏறிப் போகும் ஷாட் ஒன்று இருந்தது. அப்பா ரோட்டோரம் நிற்கிறார், பஸ் கிளம்புகிறது, பின் லைட் இரண்டும் மேகத்துக்குள் போய் மறைகின்றன. அவர்கள் அதற்கு நான்கு நொடி ஒதுக்கியிருந்தார்கள். நான் சோலோ முழுவதையும் அதன்மேல் ஓடவிட்டேன். பஸ் மறைந்த பிறகும் அப்பா நின்றுகொண்டிருக்கிறார், கிட்டார் வாசித்துக்கொண்டே இருக்கிறது. கிட்டார்காரர் தன் விரல் ஒரு தடவைகூட வரவில்லை என்று என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் அம்மா பார்த்துவிட்டு என்ன சொன்னாரோ, பிறகு தானே வந்து ‘அப்படியே இருக்கட்டும்’ என்றார்.

முகத்தை எப்போது காட்டுவது என்பதும் இதே கணக்குதான். நிர்வாணா வீடியோவின் முதல் எடிட்டிங் கர்ட் கோபெய்னுக்குப் பிடிக்கவில்லை, தானே உட்கார்ந்து திருத்தினார். தலைமுடியும் புகையுமாக மறைந்து மறைந்து வந்த அவர் முகம் கடைசியில் திரை முழுக்க வருவது அவர் சேர்த்ததுதான். நம் பக்கத்தில் 2021-ல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ ராக் இல்லை, ஆனால் முகம் என்ற விஷயத்தில் இதைவிட நல்ல பாடம் இல்லை. அமித் கிருஷ்ணன் இயக்கியது. பாடகர் அறிவின் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய வள்ளியம்மாளை அதில் ராணி மாதிரி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. கூடலூரிலும் கோத்தகிரியிலும் வள்ளியம்மாள் மாதிரிப் பாட்டிகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்கூட இங்கே எடுத்த பாட்டு வீடியோவில் போகஸுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. கூடையோடு தூரத்தில் புள்ளியாக வருவார்கள், ட்ரோன் ஷாட்டில்.

‘முதல் ஐந்து நொடிக்குள் ஏதாவது பறக்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் அக்கா’ என்பது பிள்ளைகளின் பதில். போகட்டும். தள்ளுகிறவர்கள் ட்ரோனையும் தள்ளத்தான் போகிறார்கள், அதுதான் எல்லாருடைய வீடியோவிலும் இருக்கிறதே. காட்டுப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வம்பு வேறு. கேத்தி, பாலாடா பக்கம் நடு ராத்திரிக்கு மேல் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறார்களே, அந்த வெளிச்சம் நகர்வதைவிட நல்ல ராக் லைட்டிங்கை எந்த மேடையில் பார்த்தீர்கள்? அந்த நேரத்துக்கு எழுந்து போக ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். மே மாதம் வந்தால் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழம், கோத்தகிரியில் காய்கறி என்று கோடை விழா களைகட்டுகிறது. அதில் ஒரு சாயங்காலம், ஒரு திரை, நல்ல ஸ்பீக்கர் இரண்டு. இங்கே இருக்கும் பேண்டுகளின் வீடியோக்களைப் போட்டுக் காட்டுங்கள். படுகு, தமிழ், மலையாளம், எந்த மொழியானாலும் சரி. டூரிஸ்டுகளும் பார்க்கட்டும், அவர்கள் எடுத்துப் போகாத நீலகிரியைப் பார்த்த மாதிரி இருக்கும். தேர்வுக் குழுவில் என்னைப் போட்டால், தொட்டபெட்டா வியூ பாயிண்டில் எடுத்த ஷாட் ஒன்று இருந்தாலும் அந்த வீடியோவைத் தள்ளிவிடுவேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அதனால் என்னைப் போட மாட்டார்கள். பரவாயில்லை, திரையாவது கட்டுங்கள்.