பழைய தேவாலயத்துக்குள் நாடகம் போடலாமா? சாவி யார் கையில் இருக்கிறது?

மேடை கிடையாது, திரை கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. ஆனால் டிசம்பர் 31 வந்துவிட்டால் திருத்தணி மலையின் 365 படிகளும் ஒரு நிகழ்த்துகளம் ஆகிவிடும். படிக்கொரு பூஜை, படிக்கொரு திருப்புகழ் என்று பஜனைக் குழுக்கள் பாடிக்கொண்டே ஏறுகின்றன. புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து வாழ்த்துச் சொல்லப் போன கூட்டத்தை முருகன் பக்கம் திருப்புவதற்காக வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியது இந்தப் படித்திருவிழா என்று சொல்வார்கள். நூறு ஆண்டு தாண்டியும் நடக்கிறது. இதே பாடல்களை சென்னையில் ஒரு சபாவில் பாடினால் அது கச்சேரி. படியில் நின்று பாடினால்தான் படித்திருவிழா.

நவீன நாடகக்காரர்கள் 'இடம்சார் நாடகம்' என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். இடத்தை மாற்றினால் நாடகமும் மாறிவிட வேண்டும், அல்லது செத்துப்போக வேண்டும். ஆலை, ரயில் நிலையம், பாழடைந்த பங்களா என்று உலகம் முழுக்க இப்படிப் போடுகிறார்கள். அதில் குழுக்களை அதிகம் இழுக்கும் இடம் பழைய தேவாலயம். உயர்ந்த கூரை, வண்ணக் கண்ணாடி, நடுவில் நீண்ட நடைபாதை. செட் செலவே இல்லை! அரங்க வாடகை கட்ட முடியாத சின்னக் குழுக்களுக்கு ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை.

திருத்தணி வட்டாரத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. 1853ல் அமெரிக்க ஆற்காடு மிஷன் வந்தது. 1856ல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. ராணிப்பேட்டை, அரக்கோணம் பக்கமெல்லாம் மிஷன், ரயில்வே காலத்துச் சுவடுகள் இன்னும் உண்டு. சரி, ஒரு குழு அப்படி ஒரு கட்டடத்தைப் பார்த்து வைத்துவிட்டது. அடுத்து யாரிடம் போவது?

போலீஸிடம் ஸ்கிரிப்ட் கொடுக்க வேண்டுமா?

பலரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். வங்காளத்தில் ஆங்கிலேய ஆட்சியைக் கிண்டல் செய்த நாடகங்களை அடக்க 1876ல் வந்தது நாடக நிகழ்ச்சிகள் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1954ல், தமிழ்நாடு தனக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்பது பரவலான கருத்து. நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல் துறையிடம் கொடுக்கும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் 'பரீக்‌ஷா' நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி. 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று ரத்து செய்தது. 1876 சட்டத்தையும் பழைய சட்டங்களை நீக்கும் பட்டியலில் சேர்த்து நாடாளுமன்றம் கழித்துக் கட்டிவிட்டது. அதாவது, வசனத்தை வரிவரியாகப் படித்து 'இது வேண்டாம்' என்று சொல்லும் பழைய அதிகாரம் இப்போது இல்லை. ஒலிபெருக்கி, கூட்டம், போக்குவரத்து ஆகியவற்றுக்கான அனுமதி தனி. திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி நாடகத்துக்கும் உண்டு.

தணிக்கைச் சட்டம் போனதால் எல்லாம் சுலபமாகிவிட்டதா என்றால், இல்லை. கேரளாவின் கோட்டயத்தில் 1990ல் மேரி ராய் தன் பள்ளி மாணவர்களை வைத்து 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசை நாடகத்தை மேடையேற்ற முயன்றார். மத உணர்வு புண்படும் என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது 2015ல். நடிக்க வேண்டிய பிள்ளைகள் அதற்குள் நாற்பது வயதை நெருங்கியிருப்பார்கள். இத்தனைக்கும் அது பள்ளிக்கூட மேடை, தேவாலயம்கூட இல்லை. வழிபாட்டுத் தலத்தை அவமதிப்பது, வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 298, 299 பிரிவுகளில் குற்றங்கள். நோக்கம் அதுவல்ல என்று கடைசியில் நிரூபித்துவிடலாம்தான். ஆனால் ஒரு புகார் வந்தாலே போதும், அன்றைய காட்சி நின்றுவிடும்.

ஆகவே எழுத்தில் இல்லாத அனுமதிதான் பெரிய அனுமதி.

'ஆயர்' என்று யாருக்குக் கடிதம் போடுவது?

இங்கே ஒரு சின்னக் குழப்பம். கத்தோலிக்கத் திருச்சபையில் 'ஆயர்' என்றால் பிஷப். தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், பிஷப்பைப் 'பேராயர்' என்பார்கள். பல இடங்களில் 'ஆயர்' என்பது அந்த ஊர் போதகரைக் குறிக்கும். கடிதத்தில் இதை மாற்றி எழுதினால், வந்தவருக்குச் சபையைப் பற்றி எதுவும் தெரியாது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை இது, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1210ஆம் விதிப்படி புனித இடத்தில் வழிபாட்டுக்கு உதவுவது மட்டுமே நடக்கலாம். இடத்தின் புனிதத்துக்கு முரணாக இல்லாத வேறு பயன்பாட்டை, அந்தந்த நிகழ்வுக்கு மட்டும், ஆயர் அனுமதிக்கலாம். பங்குத்தந்தை 'சரிப்பா, போட்டுக்கோ' என்று சொன்னால் மட்டும் போதாது. சி.எஸ்.ஐ.யிலோ சொத்துகள் பெரும்பாலும் திருச்சபையின் அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருக்கின்றன. உள்ளூரில் போதகரும் சபைக் குழுவும் சம்மதித்தாலும், கட்டடத்தில் கைவைப்பது என்றால் மேலே போக வேண்டியிருக்கும்.

வழிபாடே நின்றுபோன கட்டடம் என்றால்? கத்தோலிக்கச் சட்டத்தில் அதற்கும் வழி உண்டு. இனி வழிபாட்டுக்குப் பயன்படாத தேவாலயத்தை, இழிவில்லாத உலகியல் பயன்பாட்டுக்கு ஆயர் விடுவிக்கலாம் (1222ஆம் விதி). ஐரோப்பாவில் தேவாலயங்கள் நூலகமாகவும் புத்தகக் கடையாகவும் மாறுவது இப்படித்தான். ஆனால் தமிழ்நாட்டில் 'கைவிடப்பட்டது' என்று வெளியூர்க்காரர் நினைக்கும் கட்டடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கும். அவர்களைக் கேட்காமல் கதவைத் திறந்தால் பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்கும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம் என்றால் கதை வேறு. மத்திய அரசின் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ கேளிக்கை நிகழ்ச்சியோ நடத்த எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். மரபான மத வழக்கத்துக்கு மட்டும் விலக்கு. பாடுகளின் நாடகம் அந்த விலக்கில் வருமா, புது நாடகம் வருமா என்பதற்கு ஒரே பதில் இருக்காது.

பீடத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது?

1170ல் பேராயர் தாமஸ் பெக்கெட் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1935ல் அதே வளாகத்துக்காகக் கவிஞர் டி.எஸ்.எலியட் அந்தக் கொலையை நாடகமாக எழுதினார். இடம்சார் நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் நாடகம் நடந்தது கொலை நடந்த இடத்தில் அல்ல. அதை ஒட்டி, துறவிகள் கூடிப் பேசும் ஆலோசனைக் கூடத்தில் நடந்தது. உண்மையான ரத்தம் சிந்திய தரை சில அடி தள்ளி இருக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும். அந்தத் தெரிதலே போதுமானதாக இருந்தது.

யாழ்ப்பாணத்திலும் ஒரு பாடம் கிடைக்கிறது. மரிய சேவியர் அடிகள் 1965ல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தியது. அங்கே கத்தோலிக்க நாட்டுக்கூத்துகள் ஆலயத்தை ஒட்டிய வெளியில்தான் ஆடப்பட்டன. கட்டடம் பின்னால் நிற்கும், ஆட்டம் முற்றத்தில் நடக்கும். புதுக் குழுக்களுக்கு இது சமரசம் போலத் தெரியலாம். உண்மையில் நல்ல திட்டமிடல் அதுதான். உள்ளே ஒரு காட்சி, வெளியே இரண்டு காட்சி என்று பிரித்தால் ஒலி, கூட்டம், புனிதம் ஆகிய மூன்று தலைவலிகளும் பாதியாகக் குறையும்.

உள்ளேதான் வேண்டும் என்றால், தேவாலயங்களில் கச்சேரி நடத்துவது பற்றி வத்திக்கான் 1987ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படிப்பது நல்லது. கலைஞர்கள் பீடப் பகுதியில் நிற்கக் கூடாது, நற்கருணையைப் பக்கத்துச் சிற்றாலயத்துக்கு மாற்ற வேண்டும், சேதத்துக்கு அமைப்பாளர் எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும், நுழைவு இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது அது. எழுதப்பட்டது இசைக்கு என்றாலும், நாடகக் குழு கேட்டுப் போனால் மேசையில் முதலில் வைக்கப்படும் நிபந்தனைகள் ஏறக்குறைய இவையாகத்தான் இருக்கும்.

கட்டடம் என்ன சொல்கிறது?

மனிதர்கள் சம்மதித்துவிட்டார்கள். கட்டடம் சம்மதிக்க வேண்டாமா?

முதல் சிக்கல் வசனம். பேச்சு தெளிவாகக் கேட்க ஓர் அரங்கில் ஒலி சுமார் ஒரு நொடிக்குள் அடங்க வேண்டும். உயரமான கூரையும் கல் தரையும் உள்ள பெரிய தேவாலயத்தில் அது பல நொடி சுற்றிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு அது வரம், வேகமான உரையாடலுக்கு அது சாபம். மைக் வைத்தால் சில சமயம் இன்னும் மோசம். வசனத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு, கோரஸ், பாட்டு, மௌனம் என்று எழுதுவதுதான் வழி. ஒத்திகையின்போது காலியாக இருக்கும் கட்டடம், ஆட்கள் நிறைந்த பிறகு வேறு மாதிரி ஒலிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. மனித உடம்பும் துணியும் ஒலியை நன்றாக விழுங்கும்.

இரண்டாவது சுவர். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆணி அடிப்பது, டேப் ஒட்டுவது, புகை எந்திரம் வைப்பது எல்லாம் காரை உதிர வழிவகுக்கும். விளக்குகளைத் தனியாக நிற்கும் ஸ்டாண்டில்தான் மாட்ட வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது தீ. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், வீடியோ விளக்கின் வழியாகக் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தற்காலிக அலங்காரமும் தற்காலிக ஒயரிங்கும் குறுகிய வழியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு கொடுத்த விலை அது. பழைய தேவாலயத்தில் மரக் கூரை இருக்கும், ஒயரிங் பழையதாக இருக்கும், கதவு உள்பக்கமாகத் திறக்கும். எத்தனை பேர் உட்கார முடியும் என்பதைப் பார்த்து டிக்கெட் எண்ணிக்கையை முடிவு செய்வது தப்பு. எத்தனை பேர் இரண்டு நிமிடத்தில் வெளியே வர முடியும் என்றுதான் கணக்குப் போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இயக்குநரின் கலைப் பார்வைக்கு ஓட்டு கிடையாது.

ஊருக்கு இதில் என்ன?

திருத்தணி திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா நடக்கும்போது ஊரே களமாகிவிடும். வட தமிழகத்திலும் சித்தூர்ப் பக்கத்திலும் பல ஊர்களில் இப்படித்தான். அர்ஜுனன் தபசு மரத்தில் ஏறிப் பாடும்போது, மேலிருந்து விழும் எலுமிச்சையை மடியில் ஏந்தக் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே நிற்பார்கள். படுகளத்தில் மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் மேலேயே ஆட்டம் நடக்கும். பார்வையாளர் யார், பக்தர் யார் என்று பிரிக்க முடியாது. இடம் அவர்களுடையது, வேண்டுதலும் அவர்களுடையது. சென்னையிலிருந்து வந்து மூன்று நாள் தேவாலயத்தை 'அழகான லொகேஷன்' ஆக்கிவிட்டுப் போகும் குழுவிடம் இல்லாதது இதுதான்.

அதற்காகக் கூத்தை அப்படியே தேவாலயத்துக்குள் கொண்டுபோக வேண்டியதில்லை. கதையை அந்த ஊரிலிருந்தே எடுக்கலாம். சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்னெடுத்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் பேசும் ஊர் இது. ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் ஊரின் இடப்பெயர்வு முழுக்க இருக்கும். இந்த ஊர்ப்பக்கம் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் படித்ததும் திருப்பதியிலும் வேலூரிலும் மிஷன் நிறுவனங்களில்தான். ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயர்களுக்கு இன்றும் பேரப்பிள்ளைகள் உண்டு. யார் எப்போது மதம் மாறினார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்பதை மேடையில் பெயரோடு சொன்னால் சாதிப் பிரச்சினை மறுநாளே வாசலுக்கு வரும்.

நாள்காட்டியும் ஊரிடம்தான் இருக்கிறது. ஞாயிறு, தவக்காலம், டிசம்பர் முழுக்க தேவாலயம் கிடைக்காது. ஆடிக் கிருத்திகையின்போது திருத்தணிக்குள் வண்டியே நுழைய முடியாது, லைட் ஏற்றிய வேனையும் சேர்த்துத்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை சாயங்கால மழை வேறு.

கடைசியாகப் பணம். நுழைவு இலவசம் என்ற நிபந்தனை வந்தால் டிக்கெட் வருமானம் பூஜ்யம். ஜெனரேட்டர், தீயணைப்புக் கருவி, காப்பீடு, ஒத்திகை நாட்களின் சாப்பாடு என்று செலவு மட்டும் நிற்காது. கூத்து ஜமாக்கள் இந்தச் சிக்கலை டிக்கெட் இல்லாமலே தீர்த்துக்கொண்டவை. விழாக் குழு தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்து ஜமாவுக்குப் பேசிய தொகையைக் கொடுத்துவிடும், பார்ப்பவர் யாரும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். தேவாலயத்தில் அதற்கு இணையாக இருப்பது சபை மக்களின் காணிக்கை. கூரை பழுதுபார்க்க என்று ஒரு பெட்டி வைத்து, அதில் பாதி கட்டடத்துக்கு, பாதி குழுவுக்கு என்று முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் பேச ஒரு காகிதம் இருக்கும். அந்தக் காகிதத்தில் இன்னொரு வரியும் தேவை: காட்சி முடிந்த இரவு கூட்டிப் பெருக்கி, பெஞ்சுகளைப் பழைய இடத்தில் போட்டு, சாவியை யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பது.