வரிக்குதிரை மீனும் மலையகத்தின் கண்களும்

மலையகத் தோட்டங்களில் லயக் கூரைகள் ஒழுகுகின்றன. கண் வைத்தியரைக் காண்பதற்கு ஒருநாட் சம்பளத்தை இழந்து பஸ் ஏற வேண்டியுள்ளது. இந்நிலையில், விரல் நீளமுமில்லாத வரிக்குதிரை மீனின் விழித்திரையை ஆராய்வது யாருக்காக என்று வினவுவோர் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே உளர். வினா ஏழையின் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும். ஆயின், கூலிக்காரன் பிள்ளைக்கு எண்ணும் எழுத்தும் போதும் எனக் கருதித் தோட்டப் பாடசாலைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி வைத்த அக்காலச் சிந்தனைக்கும் இவ்வினாவுக்கும் இடையே தூரம் அதிகமன்று.

இழக்கப்படுவது எத்தகைய பார்வை என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். ஹற்றன் பக்கத்துச் சரிவொன்றில் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்திக்குக் கண்ணழுத்த நோய் தொடங்குகிறது எனக் கொள்வோம். நோவில்லை, கண் சிவப்பதுமில்லை. பார்வையின் ஓரங்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மங்குகின்றன. பக்கத்திலுள்ள கான் தெரியாமல் இடறும்போது, வயதாகிவிட்டது என்று தனக்குள் கூறிக்கொண்டு மறுநாளும் கூடையைத் தலையில் மாட்டுகிறாள். நடுப்பார்வை எஞ்சியிருப்பதால் கொழுந்து தெரிகிறது, நிறை குறைவதில்லை. நிறை குறையாதவரை அவள் கண்ணைப் பற்றி எவரும் கேட்பதுமில்லை.

இதுவே வெண்புரையாயின் சத்திரசிகிச்சையால் நீங்கும். கருவிழிப் படலம் பழுதாயின் தானமாகப் பெற்றதைப் பொருத்தலாம். 1961இல் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கத்தின் வாயிலாக இலங்கை பல நாடுகளுக்கு அதனை ஈந்துள்ளது. ஆனால் விழித்திரையின் நரம்புக்கலங்கள் அழிந்தபின், உலகுக்குக் கண் வழங்கிய இந்நாடும் வெறுங்கையோடுதான் நிற்கிறது. சொட்டு மருந்தால் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சியதைக் காக்கலாம். போனதை மீட்க வழியில்லை.

மீன் முக்கியமாவது இங்கேதான். கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்நீரிலும் வாழும் இம்மீனை 1822இல் விவரித்தவர் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராயிருந்த பிரான்சிஸ் ஹமில்ரன். அதனை ஆய்வுகூட விலங்காக நிலைநிறுத்தியதோ 1981இல் வெளியான, ஓரிகன் பல்கலைக்கழகத்து ஜோர்ஜ் ஸ்ரைசிங்கரின் கட்டுரை. கடும் ஒளியாலோ நஞ்சாலோ இதன் விழித்திரையைச் சிதைத்தால், அங்குள்ள முல்லர் கலங்கள் எனப்படும் தாங்குகலங்கள் தம் முதிர்நிலையைக் கைவிட்டுப் பிரிவடைந்து புதிய நரம்புக்கலங்களைத் தருகின்றன. சில வாரங்களில் மீன் மீண்டும் காண்கிறது. வியப்பு யாதெனில், மனிதக் கண்ணிலும் அதே முல்லர் கலங்கள் உள்ளன. அவை காயத்தைக் கண்டதும் தழும்பாக இறுகுவதோடு அமைகின்றன. எனவே மனிதனிடம் இல்லாதது கலமன்று. அதனை எழுப்பும் கட்டளையே.

அக்கட்டளையில் ஏ.எஸ்.சி.எல்.1 என்னும் பரம்பரையலகுக்குள்ள பங்கை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2010இல் விளக்கியோருள் ஒருவரான ராஜேஷ் ராமச்சந்திரன், பின்னர் பஞ்சாபின் மொகாலியில் இவ்வாய்வைத் தொடர்ந்தார். 2017இல் சியாற்றில் நகர ஆய்வாளர்கள் இதனையே முதிர்ந்த சுண்டெலியில் தூண்டி, ஒரு மருந்தையும் சேர்த்துச் சில நரம்புக்கலங்களைத் தோற்றுவித்தனர். சுண்டெலி மனிதனன்று. குருடு நீங்கிவிட்டது என்று தலைப்பிடும் பத்திரிகைகளும் மீனாய்வைப் பழிப்போரைப் போலவே தோட்டத்துப் பெண்ணுக்குத் தீங்கு செய்கின்றன. வரப்போகும் மருந்தை நம்பி இன்றைய பரிசோதனையை அவள் தள்ளிப்போடலாகாது.

செலவைச் சுட்டுவோர்க்கு ஒன்று. இம்மீனுக்கு வேண்டுவன கண்ணாடித் தொட்டிகளும் ஏறத்தாழ 28 பாகை வெப்பமும் நுணுக்குக்காட்டியும். நுவரெலியாக் குளிரில் நீரைச் சூடாக்க வேண்டும். கண்டிக்கு இறங்கினால் அத்தொல்லையும் குறையும். துரைமாரின் தூண்டில் இன்பத்துக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே ட்ரவுட் மீன்முட்டைகள் கப்பலேறி வந்து இதே மலையோடைகளிற் பொரித்தன. அச்செலவைப் பொறுத்த மலை இது.

உண்மையான தடை வேறு. உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழிற் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் மிகச் சிலவே. உயிரியல் கற்க விரும்பும் தோட்டத்து மாணவி வேறூருக்குச் செல்ல வேண்டும், அல்லது கலைப்பிரிவில் அமைய வேண்டும். மீனாய்வு எதற்கென்று வினவுவோர் அவளுக்கு அவ்வகுப்பைக் கேட்டுக் குரல் கொடுக்கட்டும். தோட்ட வைத்தியசாலைதோறும் கண்ணழுத்தம் அளக்கும் கருவியையும் கேட்கட்டும். இவ்விரண்டில் எதற்கும் உரிய பணத்தை அந்த மீன் தின்றுவிடவில்லை.