காரணத்தை முற்பிறவியில் தேடாதீர்கள்

மூலக்குளத்துக்குப் பக்கத்தில்தான் ரெட்டியார்பாளையம் புதுநகர். 2024 ஜூன் 11 அன்று, பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீடுகளுக்குள் புகுந்த நச்சுவாயு அங்கே மூன்று பேரைக் கொன்றது. ஒருவர் பள்ளி மாணவி. அன்று டீக்கடையில் நான் அதிகம் கேட்ட சொல் 'விதி'. சாக்கடைக்குள் இறங்கிச் சாகும் தொழிலாளிக்கும் இதே சொல்லைத்தான் சொல்லி முடிக்கிறோம்.

'விதி' என்பதும் ஒரு காரண விளக்கம்தான். அது எங்கிருந்து வந்தது?

எள்ளுக்குள் எண்ணெய் இருப்பதுபோல, விளைவு காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்றது சாங்கியம். இல்லை, குடம் களிமண்ணில் முன்பே இல்லை, குயவர் வனையும்போதுதான் புதிதாகத் தோன்றுகிறது என்றனர் நியாய வைசேடிகர். ஆனால் பிறப்பில் ஏன் ஏற்றத்தாழ்வு என்று கேட்டால் இரு தரப்புக்கும் பதில் ஒன்றே: முன்வினை. நியாய வைசேடிகர் இதற்கு வைத்த பெயர் 'அதிருஷ்டம்', அதாவது காணப்படாதது. நாம் தினமும் சொல்லும் 'அதிர்ஷ்டம்' அதுதான். தீய நடத்தையுடையோர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பர் என்கிறது சாந்தோக்கிய உபநிடதம். ஒடுக்கியவன் தப்பித்துவிடுகிறான், ஒடுக்கப்பட்டவனே குற்றவாளி ஆகிறான்.

மேற்கே டேவிட் ஹியூம் 1739இல் வேறொன்று சொன்னார்: ஒன்றை அடுத்து இன்னொன்று வருவதைத்தான் காண்கிறோம், அது அப்படித்தான் நடந்தாக வேண்டும் என்பது நம் மனம் பழகிய பழக்கம். தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்தவர் மலக்குழியில் இறங்குவதைப் பார்த்துப் பழகிய சமூகம், அதை இயற்கை என்று நம்புவதும் இப்படித்தான்.

புத்தரின் சார்பில் தோற்றக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. மணிமேகலை விளக்கும் பன்னிரண்டு சார்புகளில் ஒன்று அற்றால் அடுத்ததும் அறும். சங்கிலியை உடைக்க முடியும். பௌத்த மரபும் மறுபிறப்பைப் பேசியது உண்மை. ஆனால் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், முற்பிறவி வினை இப்பிறவியைத் தீர்மானிக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையிலேயே, சாதியின் காரணம் எந்த ஆன்மாவின் பாவமும் அல்ல, அகமணமுறை என்று காட்டியிருந்தார். அகமணம் மனிதர் செய்தது. மனிதரால் ஒழிக்கக்கூடியது.

புதுநகருக்கும் இதே முறைதான் பொருந்தும். வாயு ஏன் தேங்கியது? வீட்டுக்குள் வராமல் தடுக்க என்ன இருந்தது? யார் சோதித்திருக்க வேண்டும்? இவற்றுக்குக் குழாயும் கோப்பும் கையெழுத்தும் பதில் சொல்லும். 'விதி' என்று சொன்ன நொடியில் அந்தக் கோப்பு மூடப்பட்டுவிடுகிறது.